பிடித்தம் வேற, கழிவு வேற: சேலத்து இன்டீரியர் கான்ட்ராக்டர் ஒருத்தரோட வரிக்கணக்கு

போன வருஷம் நவம்பர்ல ஒரு நாள் சாயங்காலம், ஆபீஸ் ஷட்டர பாதி இறக்கியாச்சு, வெளிய மழை, ஒரு அண்ணன் கட்டப்பை நிறைய பேப்பர திணிச்சுகிட்டு வந்து குனிஞ்சு எட்டிப் பாத்தாரு. "தம்பி, வரி கட்டுறதுக்கு வீட்ல நகைய வச்சுட்டேங்க, ஆனா அந்தளவுக்கு நான் சம்பாதிக்கவே இல்லீங்களே, இது எப்படிங்க?"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்கு முழுசா பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. அவர் சம்மதத்தோடதான் இத எழுதுறேன், பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னாரு.

நான் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஆபீஸ்ல 14 வருஷமா கணக்கு பாக்குறேன். சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்றவங்கதான் எங்ககிட்ட அதிகம், வயரிங், பெயின்டிங், டைல்ஸ், வெல்டிங்னு. எல்லாருக்கும் பொதுவா ஒரு குழப்பம் இருக்கு. பிடித்தம், கழிவு ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறாங்க. பார்ட்டி பணம் குடுக்கும்போது டிடிஎஸ் புடிக்கிறாங்கல்ல, அது பிடித்தம், நம்ம பேர்ல முன்கூட்டியே கவர்மென்டுக்குப் போற வரி. தொழிலுக்காக நாம செஞ்ச செலவ வரவுல இருந்து கழிக்கிறது கழிவு. முதல் விஷயம் மத்தவங்க கையில இருக்கு, ரெண்டாவது நம்ம கையில இருக்கு. இந்த அண்ணனும் "அதான் புடிச்சுட்டாங்களேங்க, அப்புறம் என்ன வரி"ன்னுதான் ரெண்டு வருஷமா இருந்திருக்காரு.

அவர் தொழில் இன்டீரியர். ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப், மாடுலர் கிச்சன். கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு வாடகை ஷெட், சொந்தமா ஒரு சின்ன லோடு வண்டி, ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழ அஞ்சாறு பேர். 2023-24 வரைக்கும் சின்னச் சின்ன வீட்டு வேலைதான், வருஷத்துக்கு 12 லட்சம் போல வரும். 2024-25ல ஒரு ஜவுளிக்கடை வேலையும் ஏற்காட்டுல ஒரு ரிசார்ட் வேலையும் சேந்து கெடைக்க, ஒரே தாவா 36,40,000 ரூபாய்க்குப் போயிடுச்சு (இதுல ஜிஎஸ்டி சேக்கல, 20 லட்சத்த தாண்டுனதால அந்த வருஷந்தான் ஜிஎஸ்டி எடுத்தாரு).

வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல 2025 ஜூலையில ரிட்டர்ன் போட்டிருக்காங்க. ஐடிஆர்-4 ஃபார்ம், பிரிவு 44ஏடிஏ. இந்தப் பிரிவு டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் மாதிரி குறிப்பிட்ட தொழில்காரங்களுக்கானது, அந்தப் பட்டியல்ல இன்டீரியர் டெக்கரேஷனும் இருக்கு. வரவுல பாதி வருமானம்னு ஒத்துகிட்டா போதும், கணக்கு புத்தகம் வேண்டாம். ஒத்துகிட்ட அப்புறம் வேற எந்தச் செலவையும் காட்ட முடியாது, மிச்ச பாதியிலயே எல்லாம் அடக்கம். டிசைன் வரைஞ்சு குடுத்து ஃபீஸ் வாங்குற ஒருத்தருக்கு இது நல்ல வழி, ஏன்னா அவருக்கு லேப்டாப்பும் பெட்ரோலும்தான் செலவு. ஆனா பிளைவுட் வாங்கி, ஆள் வச்சு அறுத்து, ஏத்திட்டுப் போய் மாட்டிக் குடுக்குறவருக்கு நூறு ரூபா வரவுல எண்பது ரூபா அந்த வேலைக்கே போயிடும். அவர்கிட்ட போய் பாதி உன் லாபம்னு சொன்னா எப்படி.

முந்தின வருஷமும் இதே 44ஏடிஏலதான் போட்டிருக்காங்க, அப்ப 12 லட்சத்துல பாதி 6 லட்சம், 7 லட்சத்துக்குள்ள இருந்ததால 87ஏ தள்ளுபடியில வரி ஜீரோ, அதனால தப்பு யார் கண்ணுக்கும் படல. இந்தத் தடவை 36,40,000ல பாதி 18,20,000. புது வரிமுறையில வரி 2,36,000, செஸ் 4% சேத்து 2,45,440. டிடிஎஸ் 1,05,200 போக மிச்சமும், அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாத வட்டியும் சேத்து 1,47,250 ரூபாய் அவர் கையக் கடிச்சிருக்கு. நகை அடகுக்குப் போனது இதுக்குத்தான்.

நாங்க முதல்ல எடுத்தது 26ஏஎஸ், நம்ம பேர்ல யார் யார் எவ்ளோ டிடிஎஸ் கட்டிருக்காங்கன்னு காட்டுற வரித்துறை பேப்பர். அதுல மூணு பதிவு இருந்துச்சு. ஜவுளிக்கடை 14 லட்சத்துக்கு 194சியில 1% புடிச்சு 14,000 கட்டியிருக்காங்க, கான்ட்ராக்ட் வேலைக்குத் தனிநபருக்கு அதுதான் ரேட், சரியாத்தான் இருக்கு. ரிசார்ட் 9 லட்சத்துக்கு 194ஜேல, அதாவது புரொஃபஷனல் ஃபீஸுக்கான பிரிவுல, 10% புடிச்சு 90,000 கட்டியிருக்காங்க. ஏன்னு பாத்தா இவரோட பில்லுல மொத்தமே ஒரே லைன், "இன்டீரியர் டிசைன் சார்ஜஸ் – 9,00,000". பொருள், கூலி, மாட்டுற வேலைன்னு எதுவும் இல்ல. ரிசார்ட் அக்கவுன்டன்ட்ட குத்தம் சொல்ல முடியாது, பில்ல படிச்சா எனக்கும் அது டிசைன் ஃபீஸாத்தான் தெரியும். பிரவுசிங் சென்டர் தம்பியும் இந்த 194ஜேவ பாத்துட்டுத்தான் 44ஏடிஏன்னு முடிவு பண்ணிருக்கணும்.

ஆனா டிடிஎஸ் எந்தப் பிரிவுல புடிச்சாங்கங்கறது நம்ம தொழில் என்னன்னு முடிவு பண்ணாது. நாம என்ன வேலை செஞ்சோம்ங்கறதுதான் முடிவு பண்ணும். இவருக்கு ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன்லயே கட்டுமான சேவைக்கான 9954 கோடு இருந்துச்சு, பொருள் வாங்குன பில்லு இருந்துச்சு, ரிசார்ட் குடுத்த ஒர்க் ஆர்டர்லயே சதுர அடிக்கு இவ்வளவுன்னு பொருளோட சேத்த ரேட் போட்டிருந்துச்சு. வரைபடத்துக்குன்னு தனியா ஒரு ரூபா கூட யார்கிட்டயும் வாங்கல. ஆக இது புரொஃபஷன் இல்ல, பிசினஸ்.

பிசினஸ்னா உடனே எல்லாரும் கேக்குறது 44ஏடி. கேஷ் வரவுக்கு 8%, பேங்க் வழியா வந்ததுக்கு 6% லாபம் காட்டுனா போதும்ங்கற அந்தப் பிரிவு. அது குறைஞ்சபட்சம்தான், உண்மையில அதவிட அதிகமா வந்துச்சுன்னா அதிகமாவே காட்டலாம், நான் எப்பவும் உள்ளத காட்டச் சொல்றவன், பின்னாடி பேங்க்ல லோனுக்குப் போனா கேக்குற முதல் பேப்பரே அதுதான். இவருக்கு 44ஏடி கெடைச்சிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். கெடைக்கல. காரணம் 26ஏஎஸ்ல மூணாவது பதிவு, 194எச், கமிஷன் 60,000, பிடித்தம் 1,200. கிச்சனுக்கு ஹார்ட்வேர் சப்ளை பண்ற ஒரு டீலர், இவர் ஆள் அனுப்பி வச்சதுக்கெல்லாம் சேத்து கமிஷன் குடுத்திருக்காரு. கமிஷன் வருமானம் இருக்குறவங்களுக்கு 44ஏடி கெடையாதுன்னு சட்டத்துலயே நேரா எழுதியிருக்கு. எத்தனையோ கான்ட்ராக்டருங்க டைல்ஸ் கடையில, பெயின்ட் கடையில இப்படி கமிஷன் வாங்குறாங்க, இந்த விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, தயவு செஞ்சு உங்க 26ஏஎஸ்ல 194எச் இருக்கான்னு ஒரு தடவ பாருங்க.

மிச்சம் இருந்த வழி ஒண்ணுதான். ஐடிஆர்-3, உண்மையான வரவு, உண்மையான செலவு. விற்றுமுதல் 25 லட்சத்த தாண்டுனதால கணக்கு புத்தகம் எப்படியும் கட்டாயம். ஒரு கோடிக்குள்ள இருந்ததால ஆடிட் தேவைப்படல. திருத்தின ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருந்துச்சு. அத விட்டா அப்புறம் அப்டேட்டட் ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுல வரிய கூட்டத்தான் முடியும், குறைக்கவோ ரீஃபண்டு கேக்கவோ முடியாது. அதனாலதான் அந்த மூணு வாரம் ராத்திரி பகலா உக்காந்தோம்.

கட்டப்பைய டேபிள்ல கொட்டுனோம். பிளைவுட், லேமினேட், ஜிப்சம் போர்டு, கீல், ஸ்க்ரூ பில்லு எல்லாம் சேத்து 15,80,000. இதுல ஜிஎஸ்டிய இன்புட்டா எடுத்தாச்சு (அதாவது அவர் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சாச்சு), அதனால அந்த ஜிஎஸ்டிய மறுபடி செலவுல சேக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் எடுத்தா ஒரு நாள் மாட்டும். ஷெட் வாடகை மாசம் 8,000, வருஷத்துக்கு 96,000. கரன்ட் 31,000. வண்டி வாடகை, டீசல் எல்லாம் 1,46,000. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும், இவரோட சின்ன வண்டியில எட்டடி ஷீட்டெல்லாம் மொத்தமா ஏத்த முடியாது, வெளி வண்டி வச்சுத்தான் போகணும், மலை மேல ஆளுங்க தங்க ரூம், சாப்பாடு வேற. இதெல்லாம் நியாயமான தொழில் செலவு. எங்க சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு, இந்த வேலை இல்லேன்னா இந்தச் செலவு வந்திருக்குமா? பிரிவு 37ல சொல்றதும் கிட்டத்தட்ட அதுதான், முழுக்க முழுக்க தொழிலுக்காக செஞ்ச செலவா இருக்கணும்.

அந்தக் கேள்வியில சிலது அடிபட்டுச்சு. மே மாசம் கோடை விழா சமயத்துல ஏற்காட்டுல ரெண்டு ரூம் பில்லு இருந்துச்சு, "இது யாருங்கண்ணா தங்குனது"ன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "வீட்ல கொழந்தைங்கள கூட்டிட்டுப் போனதுங்க தம்பி"ன்னாரு. எடுத்து தனியா வச்சுட்டோம். ஓவர்லோடுக்குக் கட்டுன ஃபைனும் வெளிய போச்சு, சட்டத்த மீறுனதுக்குக் கட்டுற அபராதம் தொழில் செலவே இல்ல. பைக் பெட்ரோல்ல நாலுல ஒரு பங்க வீட்டு உபயோகம்னு கழட்டிட்டோம். எல்ஐசி, ஸ்கூல் ஃபீஸ் ரசீதெல்லாம் இருந்துச்சு, அதுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்ல.

லோன் தவணைய பத்தி அவருக்கு ரொம்ப வருத்தம். மாசாமாசம் கட்டுற முழுப்பணமும் செலவுதானேன்னு கேட்டாரு. அதுல வட்டி மட்டுந்தான் செலவு, வருஷத்துக்கு 38,000. அசல் நாம வாங்குன கடன திருப்பிக் குடுக்குறது, செலவாகாது. அதுக்குப் பதிலா அந்தக் கடன்ல வாங்குன பொருளுக்குத் தேய்மானம் கெடைக்கும், அதாவது அதோட மதிப்புல ஒரு பங்க வருஷா வருஷம் செலவா கழிக்கலாம். லோடு வண்டிக்கும் மிஷினுக்கும் 15%, லேப்டாப்புக்கு 40%. வண்டியோட மதிப்பு 3,20,000, தேய்மானம் 48,000. பழைய மிஷின் 1,60,000க்கு 24,000. லேப்டாப் 52,000க்கு 20,800. நவம்பர்ல வாங்குன புது அறுப்பு மிஷின் 2,40,000, ஆனா மார்ச் வரைக்கும் 180 நாள் ஓடாததால பாதிதான், 18,000. செப்டம்பர்லயே வாங்கியிருந்தா 36,000 கழிச்சிருக்கலாம். பழைய பொருளுக்கு மதிப்பு போடும்போது ஒண்ணு கவனிக்கணும், முந்தின வருஷங்கள்ல 44ஏடிஏல போட்டிருந்தாலும் அந்த வருஷத் தேய்மானம் கழிஞ்சதாத்தான் சட்டம் எடுத்துக்கும், வாங்குன விலையில இருந்து திரும்ப ஆரம்பிக்க முடியாது.

இனிதான் கூலி. மொத்தம் 9,20,000. இதுக்கு ஆதாரம் என்னன்னு கேட்டப்ப அவர் வீட்டம்மாவ மறுநாள் கூட்டிட்டு வந்தாரு. அவங்க கையில ஒரு கடை ஓசியா குடுத்த டைரி. சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுல சம்பளம் போடுறப்ப அவங்கதான் எழுதுவாங்களாம். நீல மையில ஒவ்வொரு ஆள் பேரும், எத்தன நாள் வேலை, எவ்ளோ முன்பணம் கழிச்சது, கையில குடுத்தது எவ்ளோ, பக்கத்துல அவங்கவங்க கையெழுத்து, ஒருத்தர் மட்டும் கைநாட்டு. ஒரு பக்கத்துல டீ கறை. அந்த டைரிய பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, நாங்க படிச்சவங்க கட்டுற கணக்கவிட சுத்தமா இருந்துச்சு.

ஆனா நாலு வாரம் அப்படி இல்ல. ஏற்காட்டு வேலை நடந்த மாசம் அது, இவங்க ஷெட்டுல இல்ல, அண்ணன் மலை மேல இருந்தாரு. அந்த நாலு சனிக்கிழமையும் ஒரே லைன்தான், "மேஸ்திரி – 28,000". மேஸ்திரி கையில மொத்தமா ரொக்கம் குடுத்து, அவர் பிரிச்சுக் குடுத்திருக்காரு. இங்கதான் 40ஏ(3) வருது. ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தச் செலவு முழுசா கணக்குல வராது, 10,000க்கு மேல இருக்குற பாகம் மட்டும்னு நினைக்காதீங்க, முழு 28,000மும் போயிடும். சரக்கு வண்டிக்காரங்களுக்கு மட்டும் 35,000 வரைக்கும் விட்டுருக்காங்க. மத்த வாரங்கள்ல கூலி அஞ்சாறு பேருக்குத் தனித்தனியா போயிருக்கு, யாருக்கும் 10,000 தாண்டல, எல்லாம் செல்லும். அதே பணம், அதே ஆளுங்க, அதே வேலை. கை மாறுன விதம் மட்டுந்தான் வேற.

நாலு வாரம் 1,12,000. பொங்கலுக்கு முன்னாடி செவ்வாய்ப்பேட்டையில ஒரு கடையில ரொக்கமா குடுத்து எடுத்த பிளைவுட் 46,000. ரெண்டும் சேத்து 1,58,000. "டைரியில அந்த நாலு வாரத்துக்கும் பேர் பேரா எழுதிட்டா என்னங்க?"ன்னு அண்ணன் கேட்டாரு. அவர் கேட்டதுல கெட்ட எண்ணம் இல்ல, உண்மையிலயே ஆளுங்களுக்குத்தான் போச்சு. ஆனா நடந்தத நடந்தபடிதான் எழுத முடியும்னு சீனியர் சொல்லிட்டாரு, வீட்டம்மாவும் "வேண்டாங்க, இந்த நோட்டுல நான் பொய் எழுதுனதில்ல"ன்னுட்டாங்க.

இப்ப கணக்கப் பாருங்க. பொருள், கூலி, வண்டி, வாடகை, கரன்ட், வட்டி 38,000, தேய்மானம் 1,10,800, இன்சூரன்ஸ், தொழில் வரி, போன் மாதிரி சில்லறைச் செலவு 48,200. மொத்தம் 29,70,000. 36,40,000ல இருந்து கழிச்சா லாபம் 6,70,000. இதோட நின்னிருந்தா 7 லட்சத்துக்குள்ள, 87ஏ தள்ளுபடி, வரி ஒத்த ரூபா கெடையாது. அந்த 1,58,000 திரும்ப ஏறுனதால வருமானம் 8,28,000. வரி 32,800, செஸ்ஸோட 34,110. நாலு சனிக்கிழமையும் ஒரு பிளைவுட் லோடும் அவருக்கு 34,110 ரூபா செலவு வச்சுருக்கு. 18,20,000 வருமானம்னு போட்டு 2,45,440 கட்டுனதோட ஒப்பிட்டா இது பெரிய நிம்மதிதான், ஆனாலும் எனக்கு அந்த 34,110 இன்னிக்கும் மனசுல உறுத்திகிட்டே இருக்கு, தெரிஞ்சிருந்தா போகாத பணம் அது.

இதுல இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும். புது வரிமுறையில கழிவே கெடையாதுன்னு ஊரெல்லாம் ஒரு பேச்சு. இவரும் அதான் சொன்னாரு. புது முறையில 80சி, 80டி மாதிரி சொந்த முதலீட்டுக் கழிவுதான் போச்சு. தொழில் செலவு, வாடகை, வட்டி, சாதாரண தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கு. மேல போட்ட கணக்கு மொத்தமும் புது முறையிலதான் போட்டது. சம்பளக்காரங்களுக்குக் கெடைக்கிற 75,000 நிலைக்கழிவு மட்டும் நமக்குக் கெடையாது, அதுக்குப் பதிலா உள்ள செலவையெல்லாம் காட்டிக்கலாம். பழைய முறைதான் வேணும்னா 10-ஐஇஏ ஃபார்ம கெடு தேதிக்குள்ள குடுத்திருக்கணும், இவர் விஷயத்துல அந்தத் தேதி செப்டம்பரோட போயிடுச்சு, போட்டுப் பாத்தா தேவையும் படல.

டிசம்பர் ரெண்டாவது வாரம் திருத்தின ரிட்டர்ன் போட்டோம், அன்னிக்கே ஆதார் ஓடிபி வச்சு வெரிஃபை பண்ணியாச்சு. 194ஜேல புடிச்ச தொகைய பிசினஸ் வரவா காட்டுனதால கேள்வி வரலாம்னு ஒர்க் ஆர்டர், 9954 கோடு இருக்குற ஜிஎஸ்டி பேப்பர், டைரியோட ஜெராக்ஸ் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வச்சோம். இதுவரைக்கும் எதுவும் வரல. பிப்ரவரியில 2,18,340 ரூபா ரீஃபண்டு பேங்க்ல ஏறுச்சு, கூட கொஞ்சம் வட்டியும். அன்னிக்கே நகைய மீட்டுட்டு அந்த வழியா ஆபீஸுக்கு வந்து, கையில இருந்த ரசீத என்கிட்ட காட்டிட்டு ஒண்ணும் பேசாம ஒரு டீ குடிச்சுட்டுப் போனாரு.

2025-26 வருஷத்துக்கு 87ஏ தள்ளுபடி 12 லட்சம் வருமானம் வரைக்கும் வந்துடுச்சு, அதனால இவர மாதிரி ஆளுங்களுக்கு அழுத்தம் நிறைய கொறஞ்சிருக்கு. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், நான் மேல சொன்ன பிரிவு நம்பரெல்லாம் அதுல வேற, ஆனா 2025-26 வருஷத்து ரிட்டர்னுக்கு இதே பழைய நம்பருங்கதான்.

அந்த ரிசார்ட்ல இப்ப ரெண்டாவது பிளாக் வேலை நடக்குது. போன வாரம் பில் ரெடி பண்ணிட்டு போன்ல அனுப்புனாரு, சரியான்னு பாக்கச் சொல்லி. 18 எம்எம் பிளைவுட் இத்தன சதுர அடி, லேமினேட் இவ்ளோ, மாட்டுற கூலி இவ்ளோ, ஏத்து இறக்கு இவ்ளோன்னு ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதி, கீழ "பொருளுடன் சேர்ந்த ஒப்பந்த வேலை"ன்னு போட்டிருந்தாரு. அக்கவுன்டன்ட் ஒரு தடவ போன் பண்ணி கேட்டுட்டு 1%தான் புடிச்சாராம். மேஸ்திரியோட ஆளுங்க அஞ்சு பேருக்கு இப்ப சனிக்கிழமை ஜிபேல போகுது. வயசான கார்பென்டர் ஒருத்தர் மட்டும் ரொக்கம்தான் வேணும்ங்கறாராம், அவருக்கு வாரம் 6,500, டைரியில கைநாட்டு வச்சு வாங்கிக்கிறாரு.